ஆறாம் நம்பர் வீட்டுக் காலைப்பொழுது

மலை சரிந்து இறங்கிய பிறகு எங்களை அழவைத்துத் தேற்ற நிறையப் பேர் வந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த ஒரு கூட்டம் ஆளுக்கொரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து மரம் வரையச் சொன்னது. வரைந்தோம். ஐம்பத்தேழு வயதில் பச்சைப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நான் வரைந்த மரத்தைப் பார்த்து, கண்ணாடி போட்ட ஒரு பெண் "வேரைக் காணோமே" என்று மலையாளத்தில் வருத்தப்பட்டாள். முப்பது வருஷமாகத் தேயிலை ஃபேக்டரியில் இலையைத்தான் பார்த்திருக்கிறேன், வேருக்கு எங்கே போவேன் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்து வந்தவர்கள் பலூன் ஊதச் சொன்னார்கள். அதற்கடுத்தவர்கள் கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார்கள். நாங்கள் இடுக்கி மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், கடலை வேளாங்கண்ணியில் பார்த்ததோடு சரி. கண்ணை மூடினால் எங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

என் பெயர் சூசையப்பன். எஸ்டேட்டில் மூன்றாம் டிவிஷன் லயத்தில் ஆறாம் நம்பர் வீடு எங்களுடையது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு, மேலே இருந்த மலை அதை அப்படியே வழித்துக்கொண்டு போனது. சர்க்கார் தாளில் இந்த மண்சரிவை மலையாளத்தில் உருள்பொட்டல் என்று போட்டிருக்கிறது. இருபத்திரண்டு பேர். என் மனைவி மரியபுஷ்பம் அதில் ஒருத்தி. நான் வழக்கம்போல நைட் ஷிஃப்டில் இருந்தேன். ரோலர் மிஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

இப்போது காலனியில் புது வீடு கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடு, குறை சொன்னால் பாவம். டைல்ஸ் தரை, உள்ளேயே கக்கூஸ், சுவர் மேலே கான்கிரீட் வரைக்கும் போய் ஒட்டுகிறது. அங்கே யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஏனென்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது, வனிதா வந்து கேட்கிற வரைக்கும்.

வனிதா பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரி. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் நாடகம். என் மகள் ஜிஸ்மியும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள், அவள்தான் எங்களைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஈஸ்டர் முடிந்த மறு வாரம் பூசைக்குப் பிறகு கோயில் ஹாலில் எங்களை உட்காரவைத்தாள். மிச்சமிருந்த பன்னிரண்டு பேரும் போயிருந்தோம். இவள் என்ன ஊதச் சொல்லப் போகிறாளோ என்று நான் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நாங்க ஒண்ணும் சொல்லித்தர வரலீங்க," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. உங்க லயத்துல காலைல கண்ணு முழிச்சா மொதல்ல என்ன சத்தமுங்க கேக்கும்?"

மூன்றாம் வீட்டில் இருந்த முன்னாள் சூப்பர்வைசர் ஆசீர்வாதம், "ரெண்டாம் வீட்டு அலாரம்," என்றார். "அத நிறுத்தச் சொல்லி ஒண்ணாம் வீட்டுக்காரி வைவா," என்றான் நான்காம் வீட்டு ஷிஜு. அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். லயத்து வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் வெளி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் 'சேசுவே' என்பார்கள். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை, யாருக்கு எத்தனை முறை இருமல், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ரகசியம் என்று ஒன்றை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். புது வீட்டில் அந்தச் சத்தமில்லை. பக்கத்தில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. தூக்கம் எப்படி வரும்?

"அந்தக் காலைப்பொழுத இங்கியே திருப்பிச் செஞ்சு பாக்கலாங்களா?" என்றாள் வனிதா.

ஆசீர்வாதம் எழுந்து தன் வீட்டுக் காலையைச் செய்து காட்டினார். இருமினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "மாமா, இது ஒங்க இருமலே இல்ல," என்று ஷிஜு எழுந்து இருமினான். அடிவயிற்றிலிருந்து தொடங்கி, மூன்று படி ஏறி, கடைசியில் 'ஆண்டவரே' என்று முடிந்தது. ஆசீர்வாதத்துக்குக் கண் கலங்கிப்போனது. இறந்துபோன அவருடைய சம்சாரம் அந்த 'ஆண்டவரே'க்காகத்தான் தினமும் அவரைத் திட்டுவாளாம். அப்போதுதான் வனிதாவுக்குப் பிடி கிடைத்தது.

"அப்படீங்களா! நம்ம சத்தம் நமக்குத் தெரியாது, பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். அப்ப யாரும் அவங்கவங்க ஊட்டச் செய்ய வேண்டாமுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டதச் செய்யுங்க."

அப்படி முடிவானது. இரண்டாம் வருஷ நினைவுப் பூசை அன்று ஹாலில் கயிறு கட்டி, தார்ப்பாய் தொங்கவிட்டு, ஆள் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்கும்படி லயத்தை எழுப்புவது. வீடு வீடாகப் பங்கு பிரித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் வீட்டு ஷிஜு இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டான், ஏனென்றால் ஐந்தாம் வீட்டில் ஒருவர்கூட மிச்சமில்லை.

"ஆறாம் நம்பர் ஊட்டுக்கு யாருங்க?"

என் வீட்டுக்கு ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஏழு. ஏழாம் வீட்டு இன்பமேரி கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். வனிதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்கும் இன்பமேரிக்கும் எட்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குழாயடியில் வைத்து அவள் கேட்டாள், "ஆறாம் நம்பர்ல விடியக்கால அஞ்சு மணிக்குப் பேச்சுச் சத்தம் கேக்கு. டம்ளரு ரெண்டு வைக்கிற சத்தம் கேக்கு. சூசையண்ணே ஃபேக்டரில இருக்காரு, புள்ள கான்வென்ட் ஹாஸ்டல்ல இருக்கு. அப்ப உள்ள யாரு?" இவ்வளவுதான் அவள் கேட்டது. மீதியை மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேள்வி கேன்டீன், டிஸ்பென்சரி, கோயில் வாசல் எல்லாம் சுற்றிச் சாயங்காலத்துக்குள் என் ரோலர் மிஷின் பக்கத்தில் வந்து நின்றது.

மரியபுஷ்பம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்பமேரியோடு பேச்சை நிறுத்தினாள். என் மனைவியை நான் நம்பினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடந்தது வேறு. நாலாம் நாள், வயிற்றுவலி என்று பொய் சொல்லி, ஷிஃப்ட் முடியுமுன்பே கிளம்பி, ஐந்து மணிக்கு வந்து கதவைத் தள்ளினேன். அடுப்பு முன்னால் அவள் மட்டும் இருந்தாள். எதிரே தரையில் பலகை போட்டிருந்தது. இரண்டு டம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்கதவில் கொண்டி போடவில்லை.

"யாருக்கு?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாள். ஒரு டம்ளரை எடுத்துச் சட்டியில் திருப்பி ஊற்றினாள். அதோடு சரி. அவளும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. பிறகு ஆறு வருஷம் குடும்பம் நடத்தினோம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்தக் கொண்டி போடாத கதவு என் நெஞ்சுக்குள்ளேயே திறந்து கிடந்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டும் அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. முகம் மறக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்துக் கூடையோடு இறங்கி வருகிற நடை மறக்கவில்லை. அவள் குரல் மட்டும் நினைவிலிருந்து போய்விட்டது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வீட்டிலிருந்த ஒரே போன் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. ஜிஸ்மியின் போனில் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது, நான்கு செகண்டு. "அப்பா தூங்குறாக, அப்புறமா கூப்புடு." அதுவும் நான் தூங்குவதால் கிசுகிசுவென்று சொன்னது. அது அவள் குரல் இல்லை, வெறும் மூச்சு. ஆயிரம் முறை கேட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை, வாய்விட்டுப் பேசுகிற மரியபுஷ்பத்தைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

உலகத்தில் அவளைச் சுவர் வழியாகக் கேட்டவள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள்.

இரண்டு வாரம் வீம்பாக இருந்துவிட்டு மூன்றாம் வாரம் இன்பமேரி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. புருஷன் இல்லை. மகன் முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டுகிறான். மலை இறங்கிய அன்று அவன் வீட்டுக்குப் போயிருந்ததால்தான் இவள் பிழைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டு அப்படியே நிறுத்தினாள்.

"வாங்க," என்றாள். எட்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

"நீ செய்யணும்," என்றேன்.

"எத?"

"அவள."

அவள் துணியைத் திருப்பி எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "என்னால ஏலாதுண்ணே."

"ஒனக்குத் தெரியாததா? குழாயடில அவள மாதிரியே பேசிக் காட்டித்தான ஊரச் சிரிக்கவச்ச?"

கேட்டிருக்கக் கூடாது. வந்த காரியத்துக்கு வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அவள் கோபப்படவில்லை.

"அதனாலதான் ஏலாதுங்கேன். நான் செஞ்சா கேட்டத அப்படியே செய்வேன். பாதிய முழுங்கிப் பாதியச் சொல்ல எனக்கு வராது. அவ பேசுனது பொண்டாட்டி பேச்சுண்ணே. சீராட்டிப் பேசுவா. எதிர்க்க ஒரு ஆளு உக்காந்துதான் இருந்திருக்கான். அத ஹாலு நெறைய ஆள வச்சுக்கிட்டு நான் சொல்லணுமா? செத்தவள மறுக்கா சந்தியில நிறுத்தணுமா? ஒரு தடவ நிறுத்துன பாவமே எனக்குப் போதும்."

அன்று நான் திரும்பிவிட்டேன். ஜிஸ்மிக்குப் போன் போட்டேன். "வேணாம்ப்பா," என்றாள் அவள். "அம்மா பேர இன்னொரு தடவ ஊரு வாய்க்குக் குடுக்காதீங்க. குரல் கேக்கலன்னா என்ன இப்ப? எனக்கும்தான் கேக்கல." சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் சொன்னதுதான் நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் அந்த டைல்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் மறுபடி இன்பமேரி வாசலுக்குப் போனேன்.

"முழுசாவே செய்யி," என்றேன். "எவன்கிட்டப் பேசியிருந்தாலும் பேசியிருக்கட்டும். எனக்கு அவ சத்தம் வேணும்."

"இதச் சொல்ல ஒங்களுக்கு வெக்கமா இல்லையாண்ணே?"

"இல்ல," என்றேன். உண்மையாகவே இல்லை. என் பெண்டாட்டி வேறொருத்தனோடு பேசிய பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பிச்சையாக வாங்கிக் கேட்டுவிடுவது என்ற இடத்துக்கு நான் வந்துவிட்டிருந்தேன். இன்பமேரி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, சரி என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகைக்கு வந்தாள். வந்து ஆறாம் நம்பர் தார்ப்பாய்க்குப் பின்னால் சும்மா நிற்பாளாம். "அந்தக்கா ஒரு நா கூட வாயத் தொறக்கலீங்க," என்றாள் வனிதா என்னிடம். "நானும் வற்புறுத்தலீங்க. உங்களுக்குப் பயமா இருந்தா இப்பவும் நிறுத்திப்போடலாமுங்க." பயமாகத்தான் இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

நினைவு நாளன்று பூசை முடிந்து பத்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. மற்ற டிவிஷன் ஆட்கள், பஞ்சாயத்து மெம்பர், பங்குச் சாமியார், எல்லாரும் வந்திருந்தார்கள். ஜிஸ்மி முதல் நாளே வந்து, என்னோடு பேசாமல், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே நீலத் தார்ப்பாய்கள் வரிசையாகத் தொங்கின. மனிதர்கள் யாரையும் காணவில்லை. வனிதா ஒன்றும் பேசவில்லை, பேச்சாளர்கள் யாரையும் மைக்கைத் தொடவும் விடவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாம் வீட்டு அலாரம் அடித்தது. ஒன்றாம் வீட்டுக்காரி வைதாள். ஹாலே குலுங்கிச் சிரித்தது. மூன்றாம் வீட்டில் இருமல் படியேறியது, ஆண்டவரைக் கூப்பிட்டது, "மெல்லக் கூப்புடும், அவரு என்ன செவிடா?" என்று அவர் சம்சாரம் சொன்னாள். முன்வரிசையில் ஆசீர்வாதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். நான்காம் வீட்டில் செபமாலை ஓடியது, ஒவ்வொரு மணிக்கும் நடுவே "பல்லு வெளக்குனியா? சாக்ஸ் எங்க?" என்று விசாரணை. ஐந்தாம் வீட்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு தானாகச் சிரித்தது. ஷிஜு அதைச் செய்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஆறாம் வீடு. தரையில் பலகை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் வைக்கும் சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொரு டம்ளர். பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். ஜிஸ்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா?"

மரியபுஷ்பம் பேசினாள். இன்பமேரிக்குக் கரகரத்த தொண்டை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் கத்தினால் அடுத்த மலைக்குக் கேட்கும். அது எங்கே போனதென்று தெரியவில்லை. மூக்கில் கொஞ்சம் ஏறி, வார்த்தை முடிகிற இடத்தில் இழுத்து விடுகிற குரல். இரண்டு வருஷமாக நான் தேடி அலைந்த குரல். ஆள் யாராயிருந்தால் என்ன, பேசு தாயே, நிறுத்தாதே என்று மனசு கெஞ்சியது.

"உக்காருங்க. காலு வீங்கியிருக்கே. இப்படி நீட்டி வைங்க."

பேச்சு நின்றது. பதில் வருகிற அளவுக்கு இடைவெளி விட்டு அந்தப் பக்கம் காத்திருந்தது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் மிஷின் முன்னால் நின்று நின்று, கணுக்கால் தெரியாமல் வீங்கிய கால்.

"மெல்லக் குடிங்க. ஒங்களுக்கு எப்பவும் அவசரந்தான். நாக்கு வெந்துரப்போகுது."

ஜிஸ்மி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொதிக்கக் கொதிக்கச் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பாயில் விழுகிறவன் யார் என்று அவளுக்கும் தெரியும். ஆறேகாலுக்கு வருவேன். குடிப்பேன். படுப்பேன். ஏழரைக்கு அவள் மஸ்டரில் பேர் கொடுக்கப் போய்விடுவாள், சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் நான் ஃபேக்டரிக்குக் கிளம்பியிருப்பேன். எங்கள் வாழ்க்கையில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் விழித்தபடி ஒரே வீட்டில் இருந்தோம், அதிலும் நான் பாதி தூக்கத்தில் இருப்பேன். அவளுக்குப் பேச ஒன்றுமில்லை போல என்று நினைத்திருந்தேன்.

"எத்தன நாளாக் கேக்கேன், ராத்திரி இங்கன இருந்தா என்ன? மழ பேஞ்சா மலமேல என்னென்னமோ உருளுற மாதிரி கேக்கு. ஒத்தையில கெடக்கப் பயமா இருக்குங்க."

மறுபடி இடைவெளி. இந்தத் தடவை என்னால் முடியவில்லை.

"எங்கிட்ட எப்ப கேட்ட, புஷ்பம்?" என்று கத்திவிட்டேன். "ஒரு நாளாவது கேட்டியா? கேட்டிருந்தா பகல் ஷிஃப்டு வாங்கியிருக்க மாட்டேனா?"

என் கோபம் அப்படி. உயிரோடு இருந்தபோது எப்படிக் கத்துவேனோ அப்படியே கத்தினேன். பகல் ஷிஃப்டு வாங்கியிருந்தால் அந்த ராத்திரி நானும் அவள் பக்கத்தில்தான் படுத்திருப்பேன். இருந்திருக்க வேண்டும். அவள் பயந்து கையைத் துழாவியபோது ஒரு கை கிடைத்திருக்கும்.

தார்ப்பாய் விலகியது. இன்பமேரி வெளியே வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணே," என்றாள் தன் சொந்தக் குரலில். "பதிலே வராதுண்ணே. எத்தனையோ வருசம் கேட்டேன், ஒரு நாளும் ஆம்பளச் சத்தம் கேட்டதில்ல. பயந்துக்கிட்டு மெதுவாப் பேசுறான்னு நெனச்சேன். பேரு சொல்லிக் கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நம்மள்ல யாரு புருசன் பேரச் சொல்லுதோம்?" என் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தாள். "அங்க யாருமே இல்ல, இல்லண்ணே?"

"இல்ல," என்றேன். "நான் வரப்போற வழியப் பாத்து, எங்கிட்டப் பேசணும்னு இருந்தத ஒத்தையில பேசிப் பழகியிருக்கா."

"நான் குழாயடில வாயத் தொறந்ததுக்குப் பொறவு அவ பேசல. ஆறு வருசம் நானும் காதக் குடுத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். டம்ளரு ஒண்ணுதான் வைப்பா. நான்தாண்ணே அவ வாய அடச்சேன்."

"நீ மட்டும் இல்ல," என்றேன். ஹால் நிறைய ஆள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் எழுந்து நின்று சொன்னேன். "நான் ஷிஃப்டு முடியுமுன்ன வந்து கதவத் தள்ளுனேன். ரெண்டு டம்ளரப் பாத்து யாருக்குன்னு கேட்டேன். எனக்கு வச்ச சாயாவ என் கண்ணு முன்னாடியே திருப்பி ஊத்துனா."

ஜிஸ்மி என்னை உட்காரவைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, என் தோளில் தலையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். வனிதா ஓரத்திலிருந்து ஓடிவந்து இன்பமேரியின் கையைப் பிடித்து, "போதுங்கக்கா, இதோட நிறுத்திக்கலாமுங்க," என்றாள். இன்பமேரி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. தெனமும் அதச் சொல்லித்தான் நிறுத்துவா."

"அப்ப அதையும் சொல்லிரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குப் பின்னால் போனாள். தொண்டையைச் சரிசெய்வது கேட்டது. வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து, பிறகு அணைத்தார்கள்.

"மூஞ்சிய ஏன் இப்படி உம்முன்னு வச்சிருக்கீங்க?" என்றாள் மரியபுஷ்பம். "இப்படி இருந்தா நான் எதத்தான் பேச? கொஞ்சம் சிரிங்களேன்."

பிறகு, எப்போதும் போல, என் பதிலுக்காக அந்தப் பக்கம் காத்திருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீலத் தார்ப்பாயைப் பார்த்து, என்னால் முடிந்த மட்டும் சிரித்தேன்.